அம்மாவின் பரிசோதனை அறிக்கைகள்: நிறுவனத்தின் செயலியில் இருக்கட்டுமா, அழிக்கச் சொல்லலாமா?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 71. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. கடந்த 7 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே பரிசோதனைக்கூடத்தில்தான் செய்துவருகிறோம். அவர்கள் அறிக்கைகளைத் தங்கள் கைப்பேசிச் செயலியில் சேர்த்துவைக்கிறார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டதால் நடந்ததல்ல; முதல் நாள் வரவேற்பறையில் கொடுத்த படிவத்தில் எண்ணை எழுதிய உடனேயே கணக்கு தானாக உருவாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் மதுரையில் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் இரவு அம்மாவுக்குக் கால் வீங்கி மூச்சுத் திணறியது. அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 2.3 என்று வந்ததைப் பார்த்த மருத்துவர், "இதற்கு முன் எவ்வளவு இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். சிறுநீரகம் திடீரென்று பழுதாகியிருக்கிறதா, பல ஆண்டுகளாகவே மெல்லக் குறைந்து வந்திருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவுசெய்ய முடியும் என்றார். கோப்பு திருநெல்வேலியில் பீரோவுக்குள் பூட்டிக்கிடந்தது. நான் செயலியைத் திறந்து பழைய அளவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்: 1.3, 1.6, 1.9, 2.1. அவர் அவற்றைத் தாளின் ஓரத்தில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, "இது பழைய கதை, பதற வேண்டாம்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. முதலில் சர்க்கரைக்குப் பொடி விற்பவர். பெயர் சொல்லி அழைத்ததோடு, "மூன்று மாதச் சராசரி 9-க்கு மேல் போய்விட்டதே, அம்மா" என்றிருக்கிறார். அந்த எண் சரியானது. பிறகு ஒருவர் காப்பீட்டுப் பணம் திரும்ப வருவதாகச் சொல்லி ஓடிபி கேட்டார். நல்லவேளையாக அம்மாவுக்கு ஓடிபியை எடுத்துப் படிக்கத் தெரியாது.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. எல்லாவற்றையும் உடனே அழிக்கச் சொல்ல வேண்டும் என்கிறாள் தங்கை. மதுரை இரவை நினைத்தால் எனக்குக் கை வரவில்லை. இத்தகைய தகவல்களை நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருப்பதில் நமக்கு உண்மையில் கிடைப்பது என்ன, இழப்பது என்ன? அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, அதற்குச் சட்டம் இடம் தருகிறதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய சர்வர்

வணக்கம். மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக்கூடங்களுக்கும் மென்பொருள் செய்துதரும் நிறுவனங்களில் 14 ஆண்டுகள் தரவுத்தளப் பராமரிப்பைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு இரண்டு கட்சிகளும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றன என்பது என் எண்ணம். மதுரையில் உதவியது கிரியாட்டினின் அளவு. திருநெல்வேலியில் தொல்லை கொடுத்தது கைப்பேசி எண். அந்த மருத்துவருக்கு அம்மாவின் முகவரியோ ஆதார் நகலோ தேவைப்படவில்லை. பொடி விற்றவருக்கோ 7 ஆண்டு வரலாறு தேவையில்லை. ஒரு பெயர், ஓர் எண், சர்க்கரை கூடியிருக்கிறது என்ற ஒரு செய்தி, இவ்வளவு போதும். நன்மை தரும் தகவலும் தீமை தரும் தகவலும் ஒரே அட்டவணையின் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவைக்கச் செலவாகும் என்பதால் பெரும்பாலோர் பிரிப்பதில்லை. தகராறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தகவல் எப்படி வெளியே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் யாரோ வெளிநாட்டில் இருட்டறையில் உட்கார்ந்து பூட்டை உடைக்கிறான் என்றே பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பூட்டே இல்லாத கதவுகள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பணியாளருக்கு அன்றைய பட்டியல் காலையில் வாட்ஸ்அப்பில் போகும். அதில் பெயர், எண், வீட்டு விலாசம், என்ன பரிசோதனை என்ற விவரம் எல்லாம் இருக்கும். அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் அது அவருடைய சொந்தக் கைப்பேசியில்தான் கிடக்கும். புதிய மென்பொருளைச் சோதிப்பதற்குப் போலித் தரவு தயாரிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, உண்மையான நோயாளிகளின் தரவையே நகலெடுத்து வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுத்ததை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொன்றைக் கேளுங்கள். ஓரிடத்தில், அறிக்கை தயாரானதும் நோயாளிக்குக் குறுஞ்செய்தியில் ஒரு சுட்டி போகும். அதன் கடைசியில் ஆறிலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டி மறுபடி திறந்தால் அடுத்த நோயாளியின் அறிக்கை வரும். இன்னும் ஒன்று கூட்டினால் அதற்கடுத்தவருடையது. கடவுச்சொல் கிடையாது. ஒரு கல்லூரி மாணவன் ஒரு பிற்பகலில் எழுதும் சிறு நிரல் போதும், மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளலாம். நாங்கள் சுட்டிக்காட்டியபோது சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் கதவு திறந்தே இருந்தது. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே கடவுச்சொல் என்று வைக்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அது பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் நோயாளித் தரவு கள்வர் கைக்குப் போனது 2020 அக்டோபரில் ஊரறிந்தது. பணம் கேட்ட ஆள் நிறுவனத்தோடு நிற்காமல், சிகிச்சைக்கு வந்தவர்களுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, தரவில்லை என்றால் நீங்கள் உங்கள் மருத்துவரிடம் அழுது சொன்னதை எல்லாம் வெளியிடுவேன் என்று மிரட்டினான். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். வங்கி அட்டை எண் வெளியானால் அட்டையை மாற்றிக்கொள்ளலாம். மனநோய் வரலாற்றை எதைக் கொண்டு மாற்றுவது? நம் பக்கத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் செயலியில் பாட்கள் என்னும் தானியங்கி நிரல்கள் வழியாகக் கிடைத்ததாக 2024 செப்டம்பரில் செய்தி வந்தது. அந்த நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை பெற்றது. நீதிமன்றம் தடை போடலாம், ஆனால் அதற்குள் இறக்கிக்கொண்டவன் கணினியிலிருந்து அதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.

மூன்றாவதாக ஓர் ஆபத்து இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. நிறுவனம் நல்ல நிறுவனமாகவே இருக்கலாம், ஆனால் அது எத்தனை காலம் இருக்கும்? எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் மரபணுவை ஆராய்ந்து சொல்லும் அமெரிக்க நிறுவனமான 23அண்ட்மீயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல், வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களையே இங்கும் வைத்திருந்த ஏறத்தாழ 14,000 பேரின் கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், உறவினரைக் கண்டறியும் வசதி வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். அதாவது என் சித்தப்பா மகன் கடவுச்சொல்லில் அசட்டையாக இருந்தால் என் விவரமும் சேர்ந்து போகும். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. சேர்த்துவைத்த மரபணுத் தரவு விற்பனைக்குரிய சொத்தாகிவிட்டது. தரவை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று கலிஃபோர்னியாவின் தலைமை அரசு வழக்கறிஞர் மக்களுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் அதன் நிறுவனர்களில் ஒருவரே நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. அது நல்வாய்ப்பு என்று மட்டுமே சொல்வேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒழுங்காக நடத்தப்படும் ஒரு சர்வர், வரவேற்பறை மேசைக்கடியில் புழுதியோடு கிடக்கும் கணினியைவிட நூறு மடங்கு பத்திரமானது. பிரித்துவைத்தால் நன்மை குறையாமல் ஆபத்தை மட்டும் குறைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இணையக் கடைகள் வங்கி அட்டையின் முழு எண்ணைச் சேமித்துவைப்பதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றெண்ணை மட்டுமே கடை வைத்திருக்கிறது. அது திருடு போனாலும் அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. நாம் பொருள் வாங்குவது முன்பைவிடக் கடினமாகிவிட்டதா? இல்லை. மருத்துவத் தரவில் அப்படி ஒரு கட்டாயம் வரும்வரை பிரிக்கும் வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. அறிக்கைகள் அனைத்தையும் முதலில் பதிவிறக்கி, உங்கள் கைப்பேசியில் ஒன்றும் தங்கையிடம் ஒன்றுமாக இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கூடத்திடம் ஆதார் நகல், வீட்டு முகவரி, விளம்பரத் தொடர்புக்கான ஒப்புதல் ஆகிய மூன்றையும் நீக்கச் சொல்லுங்கள். அறிக்கைகள் அங்கேயே இருக்கட்டும்.

பதில்: முடிச்சூர்க்காரர்

பழைய சர்வர் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தங்கையின் கட்சிக்கு ஒரு வார்த்தை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் மார்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால், வீட்டுப் பத்திரமும் அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக் கோப்பும் ஒரே கூழாக ஒட்டியிருந்தன. பக்கங்களைப் பிரிக்கலாம் என்று மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். காய்ந்தபோது அப்பளம் போல் நொறுங்கியது. அரசு சிறப்பு முகாம் நடத்தி, குடும்ப அட்டை, சான்றிதழ் போன்றவற்றுக்கு மாற்று ஆவணங்கள் கொடுத்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் ஆஞ்சியோகிராம் அறிக்கைக்கு மாற்று ஆவணத்தை எந்த முகாமில் கேட்பது? மருத்துவமனையில் கேட்டதற்கு, அவ்வளவு பழைய பதிவுகள் எங்களிடம் இல்லை என்றார்கள். மாத்திரைச் சீட்டு ஒன்று பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் இருந்ததால் பிழைத்தோம்.

காகிதத்தில் இருந்தால் பாதுகாப்பு என்பவர்கள் காகிதத்தை இழந்து பார்க்காதவர்கள். பொடி விற்பவரின் தொல்லை பெரிதுதான். அந்த எண்ணைத் தடைசெய்துவிடலாம். கூழாகிப்போன கோப்பை என்ன செய்வது?

பதில்: வழக்காடி

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது பொதுவான விளக்கமே தவிர, உங்கள் வழக்குக்கான ஆலோசனை அல்ல.

அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2023 ஆகஸ்டில். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளும் நமது உரிமைகளும் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அப்போது, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தகவலைத் திருத்தவும், நோக்கம் முடிந்தபின் அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கும். தரவு கசிந்தால் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு மட்டுமின்றிப் பாதிக்கப்பட்ட உங்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் உண்டு. எனவே தமிழில் கேட்கலாம். அம்மாவின் கையெழுத்து வாங்கிய படிவம் எந்த மொழியில் இருந்தது என்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளும் இப்போதும் உயிரோடு இருக்கின்றன. அவ்விதிகள் மருத்துவப் பதிவுகளை உணர்திறன் மிக்க தகவல் என்று வகைப்படுத்துகின்றன. தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. ஒப்புதலைத் திரும்பப் பெற இடம் தருகின்றன. குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும்; புகாரை அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே அவருக்கு எழுத்து மூலம் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னது எதுவும் பிறகு நிற்காது.

இங்கே என் சொந்த வருத்தம் ஒன்றையும் பதிவுசெய்கிறேன். புதிய சட்டத்தில் பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதைப் படித்துப் பலரும் மகிழ்கிறார்கள். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். அம்மாவுக்கு ஒரு ரூபாயும் வராது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழிசெய்யும் 43ஏ பிரிவோ, புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் அன்றே நீக்கப்படுகிறது. வலுவான சட்டம் வருகிறது என்று சொல்லிக்கொண்டே பாதிக்கப்பட்டவர் கையிலிருந்த சிறு கோலையும் பிடுங்கிக்கொண்டதாகவே நான் இதைப் பார்க்கிறேன். பழைய பிரிவில் இழப்பீடு வாங்கியவர்கள் அதிகமில்லை என்று சக வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். பயன்படுத்தாத உரிமை இல்லாத உரிமை ஆகிவிடாது.

மருத்துவமனைக் கோப்பைப் பற்றி முடிச்சூர்க்காரர் சொன்னதற்கு: உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு மருத்துவர் வைத்திருக்க வேண்டும் என்பதும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பிரதி தர வேண்டும் என்பதும் 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. மூன்றாண்டு கடந்த கோப்பு இல்லை என்று அவர்கள் சொன்னது சட்டப்படி குற்றமாகாது. ஆகவே வீடு திரும்பும் நாளிலேயே பிரதியைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஓடிபி கேட்டவர்களைப் பொறுத்தவரை, பணம் போகாவிட்டாலும் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவுசெய்யுங்கள்; பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மறுமொழி: தாமிரபரணிக்கரை

மூவருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லாமல் விடுவது முறையில்லை என்று வந்தேன்.

குறைதீர்ப்பு அலுவலரின் பெயர் செயலியில் எங்கும் இல்லை. இணையதளத்தின் அடியில், ஆங்கிலத்தில் மட்டும் இருந்த நீண்ட கொள்கை அறிக்கையின் கடைசிப் பத்தியில் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. அதற்குப் பழைய சர்வர் சொன்ன மூன்றையும், வழக்காடி சொன்ன விதியையும் குறிப்பிட்டுத் தமிழில் எழுதினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒருவர் தொலைபேசியில் பேசி, "சார், கணக்கையே மூடிவிடட்டுமா?" என்றார். வேண்டாம், மூன்று விவரங்களை மட்டும் நீக்குங்கள் என்றேன். அப்படி ஒரு பொத்தான் தங்கள் மென்பொருளில் இல்லை என்றார். ஒன்று எல்லாம் இருக்கும், இல்லாவிட்டால் எல்லாம் போகும். பிரித்துவைக்கச் செலவாகும் என்று இங்கே எழுதியிருந்ததன் பொருள் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. பேசியதை எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்ட பிறகு, பதினோராம் நாள் ஆதார் நகலும் முகவரியும் நீக்கப்பட்டதாகவும், விளம்பர ஒப்புதல் ரத்து செய்யப்பட்டதாகவும் மின்னஞ்சல் வந்தது. செயலியில் திறந்து பார்த்தேன். முகவரி இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. யாரோ ஒரு பணியாளர் கையாலேயே அழித்திருக்கிறார் போலும்.

படிவமும் கிடைத்தது. ஆங்கிலம்தான். அதன் கீழே அம்மா தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார்.

7 ஆண்டு அறிக்கைகளையும் இறக்கித் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். கிரியாட்டினின் அளவுகளை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதி, அம்மாவின் சுருக்குப் பையில் மாத்திரையோடு வைத்திருக்கிறோம். தங்கைக்கு இந்த ஏற்பாட்டில் பாதி சமாதானம்.

மீதிப் பாதிக்குக் காரணம் இருக்கிறது. அழைப்புகள் நிற்கவில்லை, பட்டியலை வாங்கியவர்கள் அதை வேறு யாருக்கோ கைமாற்றியிருக்க வேண்டும், நேற்றுகூட மூட்டுவலித் தைலத்துக்கு ஒருவர் பேசினார். எண்ணை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வங்கி, அப்பாவின் குடும்ப ஓய்வூதியம், எரிவாயு, குடும்ப அட்டை, ஆதார், காப்பீடு, மின்கட்டணம் எல்லாம் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. ஓய்வூதியத்தில் எண்ணை மாற்ற அம்மாவே நேரில் போக வேண்டுமாம். தவிர, நாம் விட்டுவிட்ட எண்ணைச் சில மாதம் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், எங்காவது ஓரிடத்தில் மாற்ற மறந்தாலும் அந்த ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். அதனால் எண் அப்படியே இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அம்மா இப்போது எடுத்து, "அவங்க வீட்ல இல்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.